கலிங்கில் கிடந்த புல்

மண் அணை நிரம்பினால் தண்ணீர் வழிந்தோட ஒரு கலிங்கு இருந்தது. அதன் நடுவில் எருமை ஒன்று சுகமாகப் படுத்திருந்தது. பக்கத்திலேயே பையை வைத்துவிட்டு இன்ஜினியர் டீ குடிக்கப் போயிருந்தார். பைக்குள் லேப்டாப், லேப்டாப்புக்குள் கலிங்குக்குக் கணக்குப் போடும் சாஃப்ட்வேர்.

"யாரது, இப்படி மூச்சு விடுவது?" என்று பைக்குள்ளிருந்து கேட்டது சாஃப்ட்வேர். "வழியை அடைத்துக்கொண்டு கிடந்தால் என் கணக்கு என்னாவது?"

"நான் எருமை. என்னையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளேன்."

"கலிங்கின் தரை என்றால் என்னிடம் புல், கல், சிமென்ட் மூன்றுதான் இருக்கிறது. நீ இதில் எது?"

எருமை யோசித்தது. "உடம்பில் கொஞ்சம் முடி இருக்கிறது."

"அப்படியானால் புல்தான். கணக்கு அழகாக வருகிறது. எந்த வெள்ளத்திலும் நீ இடத்தை விட்டு அசையமாட்டாய்."

மலைப்பக்கம் நல்ல மழை போலிருக்கிறது. சற்று நேரத்தில் அணை நிரம்பி, எருமையின் வயிறு நனைந்தது. அது எழுந்து, பையின் வாரைக் கொம்பில் மாட்டிக்கொண்டு கரையேறியது. பின்னால் கலிங்கு முழுக்கத் தண்ணீர் இரைந்து ஓடியது.

"ஏன் எல்லாம் ஆடுகிறது?" என்றது சாஃப்ட்வேர்.

"நான் நடக்கிறேன்."

"புல் நடக்காது."

எருமை கரைமேல் நின்று மேய ஆரம்பித்தது.

"இது என்ன சத்தம்?"

"புல் தின்கிறேன்."

பைக்குள் சாஃப்ட்வேர் மறுபடியும் கணக்குப் போட்டது. பிறகு விட்டுக்கொடுத்துச் சொன்னது:

"சரி, தப்பு என்னுடையதுதான். உன்னைக் கல் என்று மாற்றிவிட்டேன்."