மாட்டுக்கு ஒரு மரண அறிவித்தல்

அன்று காலை யாரைச் சாகடிப்பது என்று தெரியாமல் குலசிங்கம் பசுவின் மடிக்குக் கீழே வாளியோடு குந்தியிருந்தார்.

அந்தப் பசு வானொலியில் மரண அறிவித்தல் கேட்டால்தான் பால் விடும். மனைவி இராசமலர் பழக்கிய பழக்கம். கன்று செத்த பிறகு அவள் அந்த நேரம் பார்த்துத்தான் கறப்பாள். யாரோ ஒருவர் காலமானார் என்றதும் மாடு இளகிவிடும்.

சண்டை தொடங்கிய வருசம் அறிவித்தல் நீண்டது. பாலும் கூடியது.

போன மாதம் தம்பலகாமத்துச் சோதனைச்சாவடியில் வானொலிக்கு அவர் வாங்கிவந்த நாலு பற்றரிகளையும் பறித்துவிட்டார்கள். நாலு பற்றரியில் குண்டு செய்யலாமாம். பால் கறக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரையும் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றிலிருந்து அறிவித்தலை அவரே வாசித்தார். மாடு நம்பியது. ஆனால் ஒரே ஆளை இரண்டு தரம் சாகடித்தால் உதைத்தது. தபாற்காரர், சங்கக்கடை முகாமையாளர், விதானையார் என்று தொடங்கி ஊரே முடிந்துபோயிற்று.

நேற்றுப் பால் வாங்க வந்த மைமூனா வேலியில் நின்று சொன்னாள்: "என்னையும் முடிச்சிட்டீங்களாமே, அண்ணன். எங்கட ஆக்களுக்கு ஜனாஸா அறிவித்தல் எண்டு வேறயா வாசிக்கோணும்."

"நாளைக்குத் திருத்தம் போடுறன், தங்கச்சி."

இன்று மாடு திருத்தத்தை ஏற்கவில்லை. பாலை அடக்கிக்கொண்டு நின்றது. இப்படி நாலு நாள் நின்றால் வற்றிவிடும்.

தான் திரும்பி வருமட்டும் மாட்டை வற்ற விடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ஒன்பது மாதத்துக்கு முன் இராசமலர் சல்லிக் கடற்கரையில் படகேறினாள். இந்தியாவுக்குப் போகிற படகில் மாட்டுக்கு இடமில்லை. அதனால் அவர் நின்றுகொண்டார்.

படகு சேர்ந்ததாக இன்னும் ஒரு கடிதமும் இல்லை.

ஊரில் மிச்சம் ஒரே ஒரு ஆள்தான்.

தொண்டையைச் செருமினார். "தம்பலகாமத்தைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட சின்னத்தம்பி குலசிங்கம் காலமானார். அன்னார்..."

மாடு காதைத் திருப்பியது.

இன்னாரின் கணவர் என்று வரவேண்டிய இடம். மனைவி முன்னமே போயிருந்தால் அவள் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட வேண்டும். வானொலியில் அதற்கு ஒரு நொடிகூடச் செல்லாது. குலசிங்கத்துக்குக் கனநேரம் சென்றது.

"அன்னார் இராசமலரின் அன்புக் கணவர்."

வாளியின் அடியில் முதல் பால் சத்தம் போட்டது.

நிறுத்தினால் மாடும் நிறுத்திவிடும். கறந்துகொண்டே மிச்சத்தையும் வாசித்தார். உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும். ஈமக்கிரியை பின்னர் அறிவிக்கப்படும்.

"தகவல், மனைவி."