மாட்டிக்கொண்ட சக்கர நாற்காலி

ஆஸ்பத்திரி ஒன்றில், சக்கர நாற்காலி பூட்டிய அறைக்குள் மாட்டிக்கொண்டது. "கீழே நோயாளி காத்திருக்கார், யாராவது வாங்க!" என்று அலறியது.

"சத்தம் மூணாம் மாடியிலதான். எந்த அறைன்னு தெரியலை" என்றது கூரையில் இருந்த வைஃபை பெட்டி.

பொருள்கள் இருக்கும் இடத்தைக் காட்டச் சுவரில் ஒட்டியிருந்த புளூடூத் வில்லை, "நான் இருக்கிறது துணி அறை ஜன்னலோரம். சத்தம் என் பக்கத்துலதான். ஆனா இது எந்த மாடின்னு எனக்குத் தெரியாது" என்றது.

அதுவரை பேசிக்கொள்ளாத இரண்டும் சேர்ந்து யோசித்தன. "மூணாம் மாடி, துணி அறை, ஜன்னலோரம்! ஓரடிகூடப் பிசகாது!" என்று பூரித்துப்போய் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டன.

"நான் எங்கே இருக்கேன்னு எனக்கே தெரியும்யா! கதவை யாரு திறக்கிறது?" என்று கத்தியது நாற்காலி.

வைஃபை பெட்டி பணிவாகக் கேட்டது: "இன்னும் அரையடி துல்லியமாச் சொல்லட்டுமா?"