ஒன்றால் பெருக்கியவன்

ஜெயரூபியின் சிவப்புப் பேனை அந்த ஒன்றின் மேல் வந்து நின்றுவிட்டது.

ரியூசனுக்குப் புதிதாக வந்திருக்கும் சாரங்காவின் விடைத்தாள் அது. மடக்கைக்குள் மடக்கை, அதற்குள்ளும் ஒரு மடக்கை, எல்லாவற்றுக்கும் உள்ளே x. சங்கிலி விதியால் வகையிடச் சொன்ன கணக்கு. பிள்ளை வெளித்தோலிலிருந்து ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு சரியாகத்தான் வந்திருந்தாள்.

1/ln(ln x) × 1/ln x × 1/x × 1

அந்தக் கடைசி ஒன்றுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. x ஐ வகையிட்டால் ஒன்று. ஒன்றால் எதைப் பெருக்கினாலும் அது அதுவேதான். எந்த வாத்தியாரும் அதை எழுதச் சொல்லி மினக்கெடமாட்டார்.

பிரதாபனைத் தவிர.

கடைசிச் சண்டைக்கு முன், இதே புதுக்குடியிருப்பில் உயர்தரத்துக்குக் கணிதம் படிப்பித்தவன். அவனிடம் படிக்கப் போனவள்தான் ஜெயரூபி. பிறகு அவனோடு சேர்ந்து படிப்பித்தாள். பிறகு தாலிக்குப் பொன்னுருக்க நாளும் பார்த்தார்கள். அந்த நாள் வருமுன் சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்தது. மாத்தளன் பக்கம் தண்ணீர் எடுக்கப் போனவன் திரும்பி வரவில்லை.

"ஒரு வீட்டுக்குப் போனால் விறாந்தையில இருக்கிறவரோட மட்டும் கதைச்சுப்போட்டு வாறதோ? குசினிக்குள்ள, அடுப்படியில நிக்கிறவவையும் கேட்கவேணும். அவா 'ஓம், சுகம்' எண்டு மட்டுந்தான் சொல்லுவா. எண்டாலும் கேட்கவேணும்," என்பான். அதற்காகத்தான் அந்த ஒன்று.

பிள்ளைகள் சிரிப்பார்கள். பரீட்சையில் அதற்குப் புள்ளி இல்லையென்று தெரிந்ததும் அவனிடம் படித்தவர்களே அதை விட்டுவிட்டார்கள். ஜெயரூபி விட்டது வேறு காரணத்துக்கு. அவன் போனபிறகு அதை எழுத அவளுக்குக் கை வரவில்லை.

அவன் சாதகத்தைப் பார்த்த சாத்திரிமார் எல்லாரும் அவன் உயிரோடு இருக்கிறான் என்றே சொன்னார்கள். கேட்கிறவளின் முகத்தைப் பார்த்தால் வேறு எதைத்தான் சொல்வார்கள்.

வெளியே சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்த சாரங்காவை யன்னலால் கூப்பிட்டு, இந்த ஒன்று எங்கே படித்தது என்று கேட்டாள்.

"கிளிநொச்சியில ரூபன் சேரிட்டப் படிச்சனான் ரீச்சர். கடைசி ஒண்டை விடவேண்டாம் எண்டு அவர்தான் சொன்னவர். பிழையோ?"

பேரை மாற்றிக்கொண்டு உயிர் தப்பியவர்கள் இல்லையா என்ன? ரூபன் என்ற பேரில் தன் பேரின் பாதி கிடப்பதும் அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

பிள்ளையிடம் இலக்கத்தை வாங்கி அங்கேயே போன் எடுத்தாள். மறுபக்கம் மணி அடித்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவளுக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது.

எடுத்தது அவன் இல்லை. ஓர் இளம் குரல்.

ஆனாலும் உரிக்க இன்னும் ஒரு தோல் இருந்தது. இந்த ரூபனுக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அவள் தன் பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். அந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தவர் இப்போது எங்கே என்று கேட்டாள். இருக்கிறாரா என்று கேட்கவில்லை. எங்கே என்றுதான் கேட்டாள்.



"ஜெயரூபி ரீச்சரோ? சண்டை முடிஞ்சு அகதி முகாமில, தறப்பாள் கூரைக்குக் கீழ வச்சு, நீங்கள்தானே சொல்லித்தந்தனீங்கள். குசினிக்குள்ள நிக்கிறவவையும் கேட்கவேணும் எண்டு."

அவளுக்கு அது ஞாபகமே இல்லை. முகாமில் பைத்தியம் பிடிக்காமல் இருப்பதற்காகப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கணக்குச் செய்தது தெரியும். என்ன சொன்னாள் என்று தெரியாது. அவளுடைய வாயால் அவன்தான் சொல்லியிருக்கிறான்.

எல்லாத் தோலையும் உரித்துக்கொண்டு உள்ளே போனால், அங்கே அவள்தான் நின்றாள்.

யன்னலுக்கு வெளியே சாரங்கா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சரியா பிழையா என்று தெரியாமல் காத்திருந்தாள். ஜெயரூபி அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டுத் தாளை நீட்டினாள்.

ரூபன் இன்னும் போனை வைக்கவில்லை.

"சுகமா இருக்கிறீங்களோ ரீச்சர்?"

"ஓம்," என்றாள். "சுகம்."