தொட்டிலுக்கு ஓர் இழைப்புளி

ஜன்னல் வெயில் விழும் மேஜையில் கடைக்காரர் இரண்டு ஜப்பானிய இழைப்புளிகளை வைக்கிறார். சின்னதைப் பலகையில் வைத்துத் தள்ளுகிறேன். அது சீவாமல் வழுக்கிப் போகிறது. "தள்ளாதீங்க சார். இது உங்க பக்கமா இழுக்கிற ரகம்." இழுக்கிறேன். மெல்லிய மரச்சுருள் ஒன்று சட்டைமேல் வந்து விழுகிறது. "என்ன செய்யப் போறீங்க?" "மகளுக்குத் தொட்டில்." பிரசவத்தில் மனைவி இறந்து நான்கு மாதம் ஆகிறது. மகள் மாமியாரிடம் இருக்கிறாள். "தொட்டிலச் செஞ்சு முடிச்சு அவளக் கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை. எத்தனை நாள் ஒளிஞ்சிட்டிருப்பீங்க?" என்று காலையில் போனில் கேட்டார் மாமியார். சின்னதையே எடுத்துக்கொள்கிறேன். அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "பொண்ணு யார் ஜாடை? உங்களுதா, அவங்க அம்மாவோடதா?" என்கிறார் கடைக்காரர். "இன்னும் சரியாப் பாக்கல," என்கிறேன். நான் வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்து அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார்.