ஞாயிற்றுக்கிழமைக் காய்

சுத்தமாகக் கழுவி வைத்திருந்த கத்தரிக்காய்களின் மேல் கணக்காளர் மண்ணைப் பூசிக்கொண்டிருந்தார். அதுவும் அடுக்குமாடியின் படிக்கட்டுக்குக் கீழே, மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில், திருட்டுப் பூனை மாதிரிக் குந்திக்கொண்டு. பக்கத்தில் கட்டட வேலைக்கு யாரோ கொட்டியிருந்த மணலில் ஒரு பிடி அவருக்குப் போதும்.

அடுத்தது கீரை. அவர் காய் வாங்கிய கடைக்காரம்மாவிடம் கீரைக்கட்டு எப்போதும் பழைய புடவைக் கிழிசலால்தான் கட்டியிருக்கும். அப்படியே கொண்டுபோனால் கடைச்சரக்கு என்று குட்டு வெளிப்பட்டுவிடும். கட்டைப் பிரித்துத் துணியைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு படியேறினார்.

எல்லாம் அவராக இழுத்துவிட்டுக்கொண்ட வினை. வேலை மாற்றலாகி, வீட்டை விற்றுவிட்டு இந்த ஊருக்கு வரவேண்டியதாயிற்று. அந்த வீட்டுக்குப் பின்னால் அவர் மனைவி வளர்த்த தோட்டம் இருந்தது. வெண்டை, கத்தரி, புடலம் பந்தல், கீரைப் பாத்தி என்று தெருவுக்கே கொடுத்தாலும் மிஞ்சும். இங்கே பால்கனியில் இரண்டு தொட்டிக்கு மேல் வைத்தால் துணி காயப்போட இடமில்லை.

பத்திரத்தில் கையெழுத்துப் போட அவள் தயங்கியபோது, "வாங்குறவரு தோட்டத்தை அப்படியே வெச்சுக்கப்போறாராம். இனிமேலாவது மண்ணுல இறங்காம முட்டிக்கு ஓய்வு குடு" என்று சொன்னவர் இவர்தான். வாங்குகிறவர் கார் நிறுத்தச் சிமெண்ட் தளம் போடப்போகிறார் என்பது இவருக்கு அன்றைக்கே தெரியும்.

வந்த புதிதில் அவள் முகம் வாடிக் கிடந்தது. பார்க்கச் சகிக்காமல், "பழைய வீட்டை வாங்கினவரு காய் தர்றேன்னாரு, போய் வாங்கிட்டு வர்றேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயை விட்டுவிட்டார். அதிலிருந்து வாராவாரம் இதே கூத்துதான். மத்தியானம் வரை பஸ் நிலையத்துப் பெஞ்சைத் தேய்ப்பார். திரும்பும் வழியில் அடுத்த தெருக் கடையில் காய் வாங்குவார். அப்புறம் மண்.

மனைவி பையை வாங்கிக் கத்தரிக்காயை அலசினாள்.

"என்னங்க, மண்ணு நறநறங்குது? நம்ம தோட்டத்து மண்ணு பிசுபிசுன்னு ஒட்டுமே."

"மழை இல்லல்ல. காஞ்சு போச்சு."

"புடலம் பந்தல் சாயாம நிக்குதா?"

"ஜம்முனு நிக்குது."

அவள் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பாக மண். பாவம், இருக்கிற இரண்டு தொட்டியை எத்தனை தடவைதான் கிளறுவாள் என்று நெஞ்சைப் பிசைந்தது அவருக்கு.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் உங்ககூட வர்றேங்க. ஒரு தடவை தோட்டத்தைக் கண்ணால பாத்துட்டு வந்துடறேன்."

கணக்காளர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"உனக்கு எதுக்கு அலைச்சல்? முட்டி வலி வேற."

"காலையில நடக்கப் போக ஆரம்பிச்சதுல வலி எங்க போச்சுன்னே தெரியல. கண்டிப்பா வர்றேன்."

இனிமேல் தப்பிக்க வழியில்லை. ஆபீசில் பைசா பிசகாமல் கணக்குக் காட்டுகிறவர், சொந்தப் பெண்டாட்டியிடம் இத்தனை நாள் பொய்க்கணக்கு எழுதியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"தோட்டம் இல்லம்மா."

"இல்லன்னா?"

"சிமெண்ட் போட்டுட்டாங்க. போடுவாங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். சொன்னா நீ கையெழுத்துப் போடமாட்டேன்னு மறைச்சுட்டேன். இந்தக் காயெல்லாம் அடுத்த தெருக் கடையில வாங்கினது. மண்ணு கீழ கொட்டிக் கிடக்கிற மணல்."

அழுவாளோ, அண்டை வீட்டுக்குக் கேட்கிற மாதிரித் திட்டுவாளோ, எதுவானாலும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார். அவள் குழாயை மூடிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"சிமெண்ட் போட்டது எனக்கும் தெரியும். விதை டப்பாவை அங்கயே மறந்து வெச்சுட்டேன்னு வந்த மாசமே எடுக்கப் போனேன். பாத்துட்டு பஸ்ஸுல வழியெல்லாம் அழுதுட்டு வந்தேன்."

"அப்ப ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்களா வாயைத் தொறப்பீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா பந்தல் ஜம்முனு நிக்குதுங்கறீங்க."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சரி விடுங்க. நான் மட்டும் என்ன? நடக்கப் போறேன்னு நானும் தினம் பொய்தான் சொல்லிட்டுப் போறேன். ஓய்வா இருன்னு நீங்க சொன்னதை மீறுறோமேன்னு எனக்கும் உறுத்தல்தான்."

அவள் அவருடைய சட்டைப்பையில் இருந்து எட்டிப்பார்த்த துணியை உருவினாள். அலமாரிக்கு அடியில் கையை விட்டுத் தன்னுடைய பழைய கட்டம்போட்ட புடவையை இழுத்து, அதன் கிழிந்த ஓரத்தில் அந்தத் துண்டை வைத்துக் காட்டினாள். கட்டத்துக்குக் கட்டம் பொருந்தியது.

"வாராவாரம் துவைக்கிற சட்டையில இதை விட்டு வெச்சா எனக்குத் தெரியாதா? கடைக்குப் பின்னாடி அந்தம்மாவோட இடம் சும்மாதான் கிடந்துச்சு."

"அதனால?"

"அந்தக் கடைக்குக் காய் போடுறதே நான்தாங்க."