கறுப்பு முகமூடியின் மகள்

"எங்கப்பா உங்களை இப்படி ஆக்கினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன் சார்."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம். சொல்லி முடித்ததும் அவளுக்குக் காதுவரை சுட்டது. சக்கர நாற்காலியில் இருந்த தையல்காரர் ஊசியைத் துணியில் குத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கறுப்பு முகமூடி அண்ணனோட பொண்ணா? அந்தத் துணியைத் தள்ளிட்டு உட்காரும்மா."

அண்ணனாம். முதுகை ஒடித்தவருக்கு உறவுமுறை வேறா! அவள் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். சுவரெங்கும் ஜிகினா வைத்த மல்யுத்த உடுப்புகள் தொங்கின. ஜன்னலோரத்தில் கையால் ஓட்டுகிற தையல் மெஷின் இருந்தது.

பதினைந்து வருடம் அவளுடைய அப்பாதான் கோதாவில் வில்லன். அவர் தலையைக் கண்டாலே கூட்டம் காலி பாட்டிலை வீசும், அவ்வளவு மார்க்கெட். யார் ஜெயிப்பது, யார் தோற்பது எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதான். ஆனால் ஒருநாள், அப்போது எதிரே மோதும் மல்லராக இருந்த இந்தத் தையல்காரரைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டபோது குறி தப்பிவிட்டது. கோதாவின் விளிம்பில் முதுகு மோத விழுந்தவர் பிறகு எழுந்து நடக்கவே இல்லை.

"அந்த வீடியோவை இன்னைக்கும் பார்க்கிறாங்க சார். தூக்குறதுக்கு முன்னாடி அப்பா முகமூடியை இழுத்து இழுத்துச் சரி பண்ணுவாரு. மூணு தடவை. 'அடுத்தவன் உயிர் போற நேரத்துல அலங்காரம் கேக்குதா'ன்னு கீழே எழுதறாங்க. ஸ்கூல்ல என்னைப் பார்த்தாலே பசங்க அதே மாதிரி முகத்தை இழுத்துக் காட்டுவாங்க."

அவள் பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து நீட்டினாள்.

"அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம்."

ஒரு வரி விடாமல் படித்தார். "அண்ணன் பேரைக் காணோமே?"

"போடல. வர வேண்டாம்னும் சொல்லிட்டேன்."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"'சரிம்மா'ன்னாரு. அவ்வளவுதான். எங்க சித்தப்பாவுக்குத்தான் மூணு நாளா சோறே இறங்கல. அப்பாவைக் கூப்பிடு, கூப்பிடுன்னு ஒரே கெஞ்சல். அம்மா இல்லாத என்னை வளர்த்து ஆளாக்கினது அவருதான் சார். அவர் பேச்சைத் தட்ட முடியல. 'அந்த மனுஷன் மன்னிச்சா அப்பாவைக் கூப்பிடறேன்'னு சொன்னேன்."

"தனியாவா வந்தே?"

"சித்தப்பாதான் வண்டியில கூட்டிட்டு வந்தாரு. தெருமுனையில நிக்கிறாரு. உங்களை இந்த நிலைமையில பார்க்க அவருக்கு மனசு தாங்காது."

தையல்காரர் அழைப்பிதழை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்துப் பெட்டியில் கையை விட்டுத் துழாவி, தைத்து முடித்த ஒரு முகமூடியை எடுத்தார்.

"இதை மாட்டிக்கோ."

"நானா?"

"மாட்டும்மா. மாட்டிக்கிட்டுத் தலையைத் திருப்பு."

கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டே மாட்டினாள். தலையைத் திருப்பினாள். தலை திரும்பியது, முகமூடி திரும்பவில்லை. கண்ணுக்கான ஓட்டைகள் காதுப்பக்கம் போய்விட்டன. ஒரே இருட்டு. கை தன்னால் போய் முகமூடியை இழுத்தது.

"கண்ணே தெரியல சார்."

"எப்படித் தெரியும்? அது வேற ஒருத்தன் தலைக்கு அளவெடுத்துத் தைச்சது. அவனவன் முகமூடி அவனவன் தலையில இம்மிகூட நகராது. பதினஞ்சு வருஷத்துல உங்கப்பா ஒரு தடவைகூட கோதாவுல முகமூடியைத் தொட்டதில்லை."

முகமூடியை இழுத்த கை அப்படியே நின்றது.

"அன்னைக்கு உனக்குக் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டுடுச்சு. நாலு வயசு உனக்கு. அண்ணன் உன்னைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டாரு. டிக்கெட் எல்லாம் வித்துப் போச்சு. கறுப்பு முகமூடி கோதா ஏறணும், உள்ளே எந்தத் தலை இருந்தா கம்பெனிக்கு என்ன? வேற ஒருத்தனுக்கு மாட்டி ஏத்திட்டாங்க. அவன் கண்ணு தெரியாமலேயே என்னைத் தூக்கினான். போட்டுட்டான்."

"அப்பா ஏன் சொல்லல?"

"போலீஸ் வந்து கேட்டப்ப 'நான்தான்'னு நின்னுட்டாரு. வாயைத் திறக்கக் கூடாதுன்னு என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. இன்னைக்கும் வாராவாரம் வந்து என்னைக் குளிப்பாட்டி விட்டுட்டுப் போறாரு. அந்த மனுஷனைப் போய்க் கல்யாணத்துக்கு வராதேன்னு சொல்லிட்டியேம்மா! இதுக்கு மேலயும் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா நல்லாருக்காது."

அவள் முகமூடியைக் கழற்றவில்லை. இந்த முகத்தை யாருக்குக் காட்டுவது? அப்பாவைக் கூட்டாளிகளிடம் 'செத்துட்டாரு' என்று சொன்னது, தெருவில் எதிரே வந்தவரைத் தெரியாதவள் போலக் கடந்து போனது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து வெட்கம் பிடுங்கித் தின்றது. துணிக்குள்ளேயே அழுதாள்.

"யாரு சார் அவன்? யாருக்காக எங்கப்பா இத்தனை வருஷம் பேச்சு வாங்கினாரு?"

தையல்காரர் நாற்காலியை ஜன்னல் பக்கம் உருட்டினார். திரையை விலக்கி வெளியே பார்த்தார். குரலில் கோபம் துளியும் இல்லை.

"உன் சித்தப்பாவை உள்ளே வரச் சொல்லும்மா. இருபது வருஷமா அந்த முனை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போறாரு."