மாவடு ஜாடி

பொக்லைன் அந்த ஸ்கூட்டரைச் சேற்றோடு தூக்கியபோது முதலில் எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டாமல் என்ன செய்வார்கள்? கோடை லீவுக்குக் கூடிய மயிலாப்பூர்க் கூட்டம். வேன் வைத்து, பாலவாக்கம் தாண்டி உள்ளே திரும்பி, தூக்கில் தயிர்சாதமும் ஃபிளாஸ்கில் காபியுமாக வந்து இறங்கினால், ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது.

இந்த வருஷம் ஏரிக்குத்தான் போகணும் என்று ஒற்றைக்காலில் நின்றது அம்மா விசாலாக்ஷி. காலையில் மாட வீதியில் வேனை நிறுத்தச் சொல்லி, மல்லிகைப்பூவை முழம் முழமாக வாங்கித் தலைகொள்ளாமல் வைத்துக்கொண்டாள். கல்யாணப் பொண்ணு தோத்தா போ என்று மகள் ஜலஜா கேலி பண்ணினாள். அம்மா சிரித்தாள்.

"இன்னா சார் இது, வண்டி ஒண்ணு கீது!" என்று மேலேயிருந்து கத்தினான் பொக்லைன் டிரைவர்.

மகன் சந்திரமௌலியும் சிரித்துக்கொண்டுதான் கிட்டே போனான். ஐம்பத்தைந்தைத் தாண்டியவன், பேங்க் மேனேஜர். ஆனால் இந்தக் கரைக்கு வந்துவிட்டால் அவன் இன்னும் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகுகிற பையன்தான்.

பக்கெட் தாழ்ந்தது. சேறு வழிந்தது. பழைய லாம்ப்ரெட்டா. ஹேண்டிலுக்குப் பின்னால் ஒரு குட்டி இரும்பு இருக்கை.

மௌலி அதன் மேலிருந்த சேற்றை விரலால் வழித்தான்.

அந்த இருக்கையை அப்பா ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் சொல்லிச் செய்து, வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தார். குழந்தை ஜலஜா உட்கார்ந்து வருவதற்கு. மெட்ராஸ் முழுக்கத் தேடினாலும் அந்த மாதிரி இன்னொன்று கிடையாது.

அப்பா போனது இதே கரையிலிருந்துதான். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு மே மாதம், குடும்பமே கூடியிருந்தபோது. தயிர்சாதத்துக்கு மாவடு இல்லையா என்று அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வேணும்னா நீங்களே போய் எடுத்துண்டு வாங்கோ என்று அத்தனை பேர் எதிரில் அம்மா சொல்லிவிட்டாள். அப்பா வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

இருட்டும்வரை காத்திருந்தார்கள். வரவில்லை. பஸ் பிடித்து வீடு திரும்பினார்கள்.

சண்டை வந்தாலே ஹரித்வாருக்குப் போய்விடுகிறேன் என்பது அப்பாவின் பல்லவி. போயேவிட்டார் என்று அம்மா சொன்னாள். போலீஸும் அதையே சொன்னது. மாவடுவுக்காகச் சம்சாரத்தைத் துறந்த மகான் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

மௌலி சிரிக்கவில்லை. கறுவினான். அமாவாசை தவறாமல் தெருவே தர்ப்பணம் பண்ணும்போது, என் அப்பா கங்கைக்கரையில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார், எனக்கென்ன வந்தது என்று காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிப்பான். அவரை நினைத்தாலே அவனுக்கு வயிறு எரியும்.

அந்த மனுஷன் எங்கேயும் போகவில்லை. அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், கரை மேல் குறுக்குவழி திரும்புகிற மூலையில், அந்தக் காலத்தில் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்த பள்ளத்தில் இருந்திருக்கிறார்.

வண்டியைத் தூக்கிய குழியில் சேறு கட்டிகட்டியாக இருந்தது. அதற்குள் பார்க்க யாருக்கும் துணிவு வரவில்லை. அப்போதும் மௌலியின் பாழும் மனசு பழைய கோபத்தை விடவில்லை. விட்டுப் போகிற வழியில் விழுந்தாலும், விட்டுப் போனவர் விட்டுப் போனவர்தானே?

ஜலஜா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அம்மாவைப் பிடிக்கவேண்டுமே என்று மௌலி பதறித் திரும்பினான். எண்பதைத் தாண்டியவள், விழுந்துவிடுவாள்.

அம்மா விழவில்லை. பூவரச மர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"முன்னால இருக்கிற பெட்டியைத் திறந்து பாருடா மௌலி. மாவடு ஜாடி இருக்கும்."

துருவேறிய மூடியை டிரைவர்தான் கடப்பாரையால் நெம்பினான். சேற்றுக்குள்ளிருந்து வந்தது, பழுப்பும் வெள்ளையுமாகப் பீங்கான் ஜாடி. ஒரு கீறல் விழவில்லை.

அப்பா மயிலாப்பூர் போயிருக்கிறார். ஜாடியை எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர்களிடம் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறார்.

மௌலி ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மாவின் காலடியில் வந்து உட்கார்ந்தான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

"அன்னிக்கு ராத்திரி ஆத்துக்குப் போனப்பவே பரண்ல ஜாடியைக் காணோம்டா. ஏரியில தேடச் சொல்லியிருந்தா கெடைச்சிருப்பார். கெடைச்சுடப் போறாரேன்னு பயந்துதான் சொல்லலை."

ஏரியைத் தூர் வாரப்போகும் செய்தி போன வாரமே பேப்பரில் வந்திருந்தது. அம்மா பேப்பரை வரி விடாமல் படிப்பவள்.

மௌலி அவளை அண்ணாந்து பார்த்தான். அரக்குப் பட்டுப்புடவை. கை நிறையக் கண்ணாடி வளையல். நெற்றியில் ரூபாயளவு குங்குமம். தலைகொள்ளாத மல்லிகை.

புருஷன் செத்துப்போன பத்தாம் நாள், கடைசித் தடவையாகப் பெண்டாட்டிக்கு மற்றவர்கள் செய்துவிடுகிற அலங்காரம் அது. அம்மா அதைக் காலையில் தானே செய்துகொண்டு வந்திருந்தாள்.